இலுப்பை விதைக்கு இடம்

கம்மாபுரத்தைத் தாண்டி ஓர் ஊர். ஏரிக்கரை மரங்களைப் பெண்கள் குழு ஒன்று காப்பாற்றி வருவதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறேன். ஏரியில் தண்ணீர் இல்லை. எதிர்க்கரைக்குப் பின்னால் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண் மலைபோல் நிற்கிறது.

ஒவ்வொரு இலுப்பை மரத்திலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஓர் எண். ஊர்க்காரர்களே மரங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்து நோட்டில் எழுதுகிறேன். இப்படி ஊர் ஊராக நல்ல காரியங்களைத் தேடி அலையத் தொடங்கியதிலிருந்து எதைப் பார்த்தாலும் எனக்கு நல்ல செய்தியாகவே படுகிறது.

மரத்தடியில் விதை பொறுக்கும் அஞ்சலைதான் குழுத் தலைவி. நோட்டை எட்டிப் பார்க்கிறார்.

“அது நாங்க போட்டது இல்லீங்க. சுரங்கத்துக்கு நெலம் எடுக்க வந்தவங்க போட்டது. நம்பர் போட்ட மரத்தையெல்லாம் வெட்டிடுவாங்க.”

எழுதியதை அடிக்கிறேன். “அப்போ விதை எதுக்கும்மா?”

“வேற எங்கனா மொளைக்கட்டும்னுதான் பொறுக்கிகினு இருக்கோம். எங்களுக்குக் குடுக்கற மாத்து எடம் வூடு கட்டவே பத்தாது. இலுப்பையை எங்க வெக்கறது? இந்த வெதை ரொம்ப நாளு தாங்காதுங்க. சீக்கிரமே மண்ணுல போட்டாவணும்.”

உரச்சாக்கில் தைத்த பையை நிரப்பி என்னிடம் நீட்டுகிறார்.

“உங்க வூட்டாண்ட எடம் இருக்குங்களா?”

நான் குடியிருப்பது சென்னையில், மூன்றாவது மாடியில்.

“இருக்குங்க” என்று சொல்லிப் பையை வாங்கிக்கொள்கிறேன்.