‘ஷின்’ என்று நன்றி சொன்ன மனிதர்

திண்டுக்கல்லில் கடன் கொடுத்தவர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "வாரேன்" என்று சொல்கிறார். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் விடைபெறுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் பிறந்து வளர்ந்த ரங்கூனில், எங்கள் தமிழ்த் தெருவிலும் "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வோம். ஆனால் பர்மியர்கள் புறப்படும்போது "துவா மே நோ" என்பார்கள். போகிறேன், சரியா என்று அர்த்தம். போகிறவர் போய்விடுவார். இங்கே தண்டல்காரர் செல்லையா, சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டு, "வாரேன் தாயி" என்று தலையை ஆட்டும்போது, போவதைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்பதுதான் என் காதில் விழுகிறது. அவருடைய சைக்கிள் மதுரை ரோட்டில் ஏறி மறையும்வரை கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டுத்தான் அடுப்படிக்குத் திரும்புகிறேன்.

பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இங்கேயே இருந்தவர்கள் படித்தாலும் நல்லது. என் கணவர் சவரிமுத்துவின் தகப்பனார் இந்தப் பக்கத்துக்காரர். அந்த ஒரே உரிமையில் நாங்கள் முகாமிலிருந்து நேராக இங்கே வந்தோம். அகதிகளுக்கு அரசாங்கம் தரும் தொழில் கடனில், திண்டுக்கல்லுக்கும் சின்னாளப்பட்டிக்கும் நடுவில், ரோட்டோரம் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறோம். ரங்கூனில் அவருடைய மளிகைக் கடையில் மூன்று பேர் சம்பளத்துக்கு இருந்தார்கள். இங்கே பீடிக்கட்டும் வாழைப்பழமும் சோடாவும் விற்று, அரசாங்கத் தவணையைத் தவறாமல் கட்டிவந்தோம். வேறு யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. நான் தினமும் டைரி எழுதுகிறவள். வரவும் செலவும் அதில் ஒழுங்காக இருக்கும்வரை எனக்குத் தூக்கம் வரும்.

அந்தத் தூக்கம் போனது குமரேசன் என்று பெயர் சொல்லிக்கொண்டு ஒருவர் கடைக்கு வந்த நாளில். வெள்ளைச் சட்டை, தோல் பை, நல்ல சிரிப்பு. சோடா கேட்கவில்லை. என் கணவரைப் பார்த்து, "நே கௌங் லா, சயா?" என்றாராம். சௌக்கியமா ஐயா என்று பர்மிய மொழியில் ஒரு விசாரிப்பு. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொன்னபோதே என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எங்களை "பர்மாக்காரவுக" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே இருந்தவரை "கலா" என்றார்கள், இந்தியாக்காரன் என்று. நீங்கள் சௌக்கியமா என்று அந்தப் பாஷையில் கேட்க இங்கே யாரும் இல்லை.

குமரேசன் சொன்னது இதுதான். தான் ரங்கூன் துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்ததாகவும், கப்பல் ஏறுமிடத்தில் வாங்கி வைக்கப்பட்ட நகைகளைத் திருப்பித் தர ஏற்பாடு நடப்பதாகவும், தனக்கு உள்ளே ஆள் இருப்பதாகவும் சொன்னார். ரசீதும் ஐநூறு ரூபாயும் கொடுத்தால் எங்கள் பெயர் லிஸ்டில் ஏறிவிடும்.

அந்த ரசீதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அப்போது அங்கே சட்டம். கப்பலுக்கு வரிசையில் நின்றபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பர்மியப் பெண் என் கையைப் பிடித்து வளையல்களைக் கழற்றினாள். ஒன்று மணிக்கட்டைத் தாண்டி இறங்கவில்லை. அவளே தன் பையிலிருந்து சோப்பை எடுத்துத் தடவினாள். "வலிக்கிறதா, அமா?" என்று கேட்டாள். அமா என்றால் அக்கா. பிறகு ஒரு துண்டுச் சீட்டைத் தந்தாள். எட்டுப் பவுனுக்கு உண்டான சீட்டு. அந்த நகை என் தாயார் எனக்குப் போட்டது. அந்தச் சீட்டைப் பைபிளுக்குள் வைத்திருந்தேன். அது காகிதம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எங்களுக்கு அங்கே ஒரு வாழ்க்கை இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

"எட்டுப் பவுனு, ஞானம். ஐநூறு ரூபாயில வந்துரும்," என்றார் என் கணவர்.

"ஐநூறு ரூபாய் எங்கே இருக்கு?"

 மறுநாள் காலையில் அவர் செல்லையாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

செல்லையா ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டை நீட்டி, "இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க, பெரியவரே. மத்ததை நான் எழுதிக்கிருவேன்," என்றார். தொகை எழுதும் இடம் காலியாக இருந்தது. என் கணவர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

"தொகையை எழுதுங்க. அப்புறம் கையெழுத்து."

"ஏத்தா, என்னைய நம்பலையாக்கும்?"

"நம்புறேன். எழுதினா இன்னும் நல்லா நம்புவேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பெரியவரே, வீட்ல கலெக்டரையே வச்சிருக்கீரு!" என்று சொல்லி, ஐநூறு என்று எழுத்தாலும் எண்ணாலும் எழுதினார். கையில் நானூற்றைம்பதைத் தந்தார். முதல் மாத வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம். கையில் வருவது நானூற்றைம்பது, கட்ட வேண்டியது ஐநூறு. இதைக் கேட்டு ஆச்சரியப்பட்ட ஒரே ஆள் நான்தான். "இம்புட்டுக் குறைச்சலா இந்த ஊர்ல எவன் பிடிக்கிறான்?" என்றார் செல்லையா. அது கேலியல்ல, உண்மையான வருத்தம். குறைந்த ஐம்பதை என் கணவர் கடைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். அது அடுத்த அரசாங்கத் தவணைக்கான பணம். தவணை நின்றால் கடையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று முகாமிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாழைத்தாரும் சோடாப் பெட்டியும் போனபின் நாங்கள் எங்கே நிற்போம் என்று அன்று பகல் முழுவதும் யோசித்தேன். அடுப்பில் இருந்த வெஞ்சனம் தீய்ந்துபோனதுகூடத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் குமரேசன் வீட்டுக்கு வந்தார். பாயில் உட்கார்ந்து ரசீதை வாங்கிப் பார்த்துத் தன் பைக்குள் வைத்தார். அந்தப் பைக்குள் அதே மாதிரி சீட்டுகள் கத்தையாக இருந்தன. பணம் என் கணவரின் சட்டைப் பையில் இருந்தது. நான் டீ கொண்டுவந்து வைத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, தலையைச் சாய்த்து, "ஜேசூ தின் பா தே, ஷின்," என்று நன்றி சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பர்மாவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பாஷையில் மரியாதையாகப் பேசும்போது வாக்கியத்தின் கடைசியில் ஒரு சொல் சேர்ப்பார்கள். ஆண்கள் "கம்யா" என்பார்கள். பெண்கள் "ஷின்" என்பார்கள். மாற்றிச் சொல்ல முடியாது. தாயின் மடியில் பேசப் பழகும் பையன்கள் கொஞ்ச நாள் ஷின் என்பார்கள். தெருவில் மற்றப் பையன்கள் ஒருமுறை சிரித்தால் திருந்திவிடுவார்கள். மீசை வைத்த ஒரு மனிதர், துறைமுக ஆபீசில் வருஷக்கணக்காக ஆண்களோடு வேலை பார்த்தவர், ஷின் என்று சொல்ல வழியே இல்லை.

நான் சிரித்ததைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, அவர் மறுபடியும் ஏதோ ஒரு விசாரிப்பைச் சொல்லி, ஷின் என்று முடித்தார். அப்போது என் சிரிப்பு நின்றது.  என் கணவரைப் பார்த்தேன். அவர் கவனிக்கவே இல்லை. எட்டுப் பவுனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் கொஞ்சம் டீ வேண்டுமா என்று கேட்கிற குரலிலேயே, முகம் மாறாமல், குமரேசனிடம் பர்மிய மொழியில் கேட்டேன்: "மௌங்லே, மின் தகோ மஹௌலா?"

தம்பி, நீ திருடன்தானே?

"ஹௌக்கே, ஷின்," என்றார் அவர், டீயைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, சிரித்த முகத்தோடு. ஆமாம், அம்மா.

என் கணவர் நிமிர்ந்தார். அவர் முகம் வெளுத்தது.  வெளியே ரோட்டில் யாராவது நிற்கிறார்களா, குமரேசன் தனியாகத்தான் வந்தாரா என்று எனக்குள் கேள்வி ஓடியது. பக்கத்து வீட்டில் ஆளில்லை. பூ பறிக்கப் போயிருந்தார்கள். நாங்கள் கத்தினாலும் கேட்க யாரும் கிடையாது.

"அந்த ரசீதைக் குடுங்க, நம்பரைக் குறிச்சுக்கிறேன்," என்றார் என் கணவர். நல்ல யோசனை. ரசீது அவர் கைக்கு வந்தது. "பணம் நாளைக்குத்தான் ஆகும்."

குமரேசன் என் கணவரின் சட்டைப் பையின் புடைப்பைப் பார்த்தார். "அண்ணே, இன்னைக்கே மெட்ராஸ் ரயிலு ஏறுறேன். நாளைக்குன்னா உங்க பேரு லிஸ்டுல இருக்காது. அக்கா நகை அக்காளுக்கு வேணாமா?"

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்றுவரை பயமுறுத்துகிறது. என் கணவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தன் காதால் கேட்டுவிட்டார். ஆனாலும் லிஸ்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஏமாற்றுகிறவன் என்று தெரியாததால்தான் ஏமாறுகிறோம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது சரியில்லை. இழந்தது திரும்ப வரும் என்று ஒருவன் சொல்லும்போது, அவன் பொய்யன் என்பதை மறந்துவிட நாமே தயாராக இருக்கிறோம்.

நான் அவர் கைமேல் கை வைத்தேன். "பரவாயில்லை தம்பி. எங்க பேரு வேணாம், அடிச்சிருங்க," என்றேன்.

குமரேசன் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டையா பொறுமையாகத்தான் கேட்டார்.

"என்னத்தைத் தூக்கிட்டுப் போனான்?"

"ஒண்ணும் எடுக்கலைங்க. ஆனா ஷின்னுன்னு சொன்னாரு."

"யாரு சின்னு? கூட வந்தவனா?"

விளக்கினோம். அவர் பேனாவை மூடினார். "ஏம்மா, ஒருத்தன் பொம்பள மாதிரிப் பேசுனான்னு நான் எந்த செக்சன்ல எழுதுறது?" என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கு அது வெறும் சத்தம்தானே.

செல்லையாவிடம் பணத்தைத் திருப்பிக் கொண்டுபோனோம். ஐநூறையும் எண்ணி வாங்கிக்கொண்டார். "ஒரு நாள்தானே ஆச்சு, அந்த அம்பதைக் குடுங்களேன்," என்றேன். "செத்த நேரமானாலும் என் பணம் உங்க வீட்ல தூங்குச்சுல்ல தாயி? அதுக்கு வாடகை," என்றார். நோட்டைக் கேட்டு வாங்கி, அவர் எதிரிலேயே கையெழுத்தைக் கிழித்தோம். அந்த ஐம்பது ரூபாயை ஈடுகட்டத் தனியாக அவரிடமே ஒரு சிறு தண்டல் வாங்க வேண்டியதாயிற்று. இப்போது தினமும் வந்து "வாரேன்" என்று சொல்லிப் போவது அதற்காகத்தான். இந்த மாதத்தோடு அடைந்துவிடும். ஆகவே நம்மவர்களே, காலி நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். கையில் வந்தது எவ்வளவு, எழுதியது எவ்வளவு என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கடனை அடைத்தால் நோட்டைக் கையோடு வாங்குங்கள். இவை எல்லாம் செய்யக்கூடியவை.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்த மனிதருக்குப் பர்மியச் சொற்களைக் கற்றுக்கொடுத்தவள் ஒரு பெண். ஆசிரியை அல்ல. என்னைப்போல் டீ வைத்துக் கொடுத்தவளாக இருப்பாள். நன்றி எப்படிச் சொல்வது அக்கா என்று அவர் கேட்டிருப்பார். தன் பாஷையை ஒருவர் ஆசையாகக் கேட்கிறாரே என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருப்பாள். அவளுடைய சீட்டும் அந்தக் கத்தையில் இருந்திருக்கும்.

சென்ற வாரம் சரக்கு வாங்கத் திண்டுக்கல் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பின்னால் ஒரு பெண் தன் மகளிடம் பர்மிய மொழியில், வெயிலில் நிற்காதே என்று சொன்னாள். அதைப் பிழையில்லாமல் எத்தனையோ மாதம் கழித்துக் கேட்கிறேன். உடம்பு முழுவதும் சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து, மெதுவாக, அதே பாஷையில் கேட்டாள்: "அமா ரங்கூனா, ஷின்?"

கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு. "என்ன கேக்குறீங்க? எனக்குப் புரியலை. நான் இந்த ஊரு," என்றேன்.

 அவள் பார்வை கீழே இறங்கி என் கால்களில் நின்றது. வெல்வெட் வார் வைத்த ரங்கூன் செருப்பு. நம்மவர்களைத் தவிர இங்கே வேறு யாரும் போடுவதில்லை. அவள் மகளைத் தன் பக்கம் இழுத்து, துணிப்பையைத் தோளிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றாள். சின்னாளப்பட்டி பஸ் வரும்வரை இருவரும் அப்படியே நின்றோம். நானும் என் பையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் நின்றேன்.