முப்பத்தோரு இன்ச் டயர்

வண்டி ஓட்டுகிறவனுக்கு முதலில் போவது இடுப்பு, அடுத்தது பொறுமை. எனக்கு இரண்டும் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. இருந்தாலும் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் வேனைக் கிளப்பிவிடுவேன். ஒரு ஃபாதர் நடத்தும் சின்ன மருந்தகத்தின் வேன் அது. மலைத் தோட்டம் ஒன்றில் ஓடி, அங்கே வேண்டாம் என்று கழித்துவிட்டதை ஃபாதர் வாங்கி வந்தார். நாலு சக்கரமும் இழுக்கும். பின்பக்கம் ஒரு பெஞ்சு, மருந்து அலமாரி, கை கழுவ ஒரு தண்ணீர் டேங்க். நான் டிரைவர். கூட ஒரு நர்ஸ் வருவார். அவரை ஊரே சிஸ்டர் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான்.

எங்கள் வியாழக்கிழமைகளில் கடைசி நிறுத்தம், கூட்டேரிப்பட்டில் இறங்கி உள்ளே போனால் ஒரு ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனி. தார் ரோடு ஏரிக்கரையோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் ஒரு கிலோமீட்டர் களிமண் பாதை. வெயில் காலத்தில் கல்லு மாதிரி இருக்கும். மழை விழுந்தால் அது பாதையே இல்லை.

அந்தக் காலனியில் ஒரு அம்மா. ஐம்பது வயசிருக்கும், என்னைவிட நாலைந்து வயசு சின்னவர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போன இடத்தில் காலில் முள் ஏறிவிட்டது. சர்க்கரை வேறு. முள்ளை எடுத்தும் புண் ஆறவில்லை, கட்டை விரலுக்குக் கீழே குழியாக நின்றுகொண்டது. சிஸ்டர் வாராவாரம் வேன் பெஞ்சில் உட்கார வைத்து, கழுவி, மருந்து வைத்து, கட்டு மாற்றுவார். ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டுத்தான்.

"தண்ணி படக் கூடாது. வாரம் தவறக் கூடாது. இந்த ரெண்டும் ஒழுங்கா நடந்தா வெரலு தப்பிச்சுக்கும்."

அந்தம்மா தலையை ஆட்டுவார். இறங்கும்போது என் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் வந்துருவல்ல அண்ணே?" என்பார். வராமல் எங்கே போவேன் என்பேன் நான்.

ஐப்பசி மழை பிடித்த முதல் வாரமே வேன் அந்தப் பாதையில் உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் டயரில் மண்ணைக் கவ்வுகிற பட்டன் எல்லாம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. தேய்ந்தது எனக்குத் தெரியாததல்ல. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். டிராக்டர் ஒன்று வந்து பின்பக்கமாக இழுத்துவிட்டது. சிஸ்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கட்டு மாற்றிவிட்டு வந்தார். முழங்கால் வரை சேறு.

சாயங்காலம் ஃபாதர் சொன்னார்: "டயர நீங்களே பாத்து வாங்கிடுங்க. எனக்கு இன்னா தெரியும். வண்டி உங்க கையில இருக்குது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். அங்கே போ, இங்கே நிறுத்து, ஹாரன் அடிக்காதே என்றுதான் கேட்டிருக்கிறேனே தவிர, நீயே பார்த்துத் தேர்ந்தெடு என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

மறுநாள் காலை திண்டிவனத்தில் ஒரு டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மெதுவான ஆள். வேனைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, எந்தப் பாதை என்று கேட்டார். சொன்னேன்.

"இதே சைஸ்ல சேத்து பட்டன் போட்டது இருக்குதுங்க. நாலும் ஸ்டாக் இருக்குது. மத்தியானத்துக்குள்ள மாட்டிக்கினு போயிடலாம்."

"பெருசா இல்லியா?"

"களிமண்ணுக்கு பெருசு எதுக்குங்க? கொஞ்சம் ஒல்லியா இருந்தாத்தான் சேத்த கிழிச்சிக்கினு கீழ கெட்டித் தரைய புடிக்கும். அகலமா போட்டீங்கன்னா மேலயே வழுக்கும்."

அந்த டயரைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல டயர்தான். ஆனால் மாட்டினால் வேன் முன்னே இருந்த மாதிரியேதான் இருக்கும். எனக்கு மனசில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாள் முன்னால் குயிலாப்பாளையம் பக்கம் டீ குடிக்க நிறுத்தியபோது ஒரு ஜீப் நின்றிருந்தது. டயர் ஒவ்வொன்றும் என் இடுப்புக்கு வந்தது. டீ ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மாதிரி ஒன்று நம்மிடம் இருந்தால் எந்தச் சேறு என்ன செய்யும் என்று அன்றைக்கே தோன்றியது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு விழுப்புரத்துக்கு வண்டியை விட்டேன்.

விழுப்புரத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் லாரி டயரைத் தவிர எதையும் பேச மாட்டேன் என்றார்கள். இரண்டாவது கடையில் ஒருத்தர் பழைய டயருக்குப் புதுசாக ரப்பர் ஒட்டித் தருகிறேன் என்றார், அவர் முகத்தைப் பார்த்ததுமே இறங்கிவிட்டேன். மூன்றாவது கடைக்காரர் என் ஜாதி. அதாவது டயர்ப் பைத்தியம். செல்போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார்.

"உங்களுது இருவத்தெட்டு இன்ச்சு. முப்பத்தொன்னு போட்டுருவோம். வண்டி சும்மா சிங்கம் மாதிரி நிக்கும். மெட்ராஸ்லேர்ந்து வரணும், ஒரு வாரம் ஆவும், அவ்ளோதான்."

ஒரு வாரம்தானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை ஏரிக்கரையிலேயே வேனை நிறுத்தினோம். போன் போட்டுச் சொல்லிவிட்டதால் அந்தம்மாவே நடந்து வந்தார். காலில் துணிக்கடைப் பிளாஸ்டிக் பையை மாட்டி, கணுக்காலில் சணல் கட்டி, ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு வந்தார். பைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. சிஸ்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். டயர் வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

டயர் ஒரு வாரத்தில் வரவில்லை, இரண்டு வாரம் கழித்து வந்தது. நடுவில் தீபாவளி. தீபாவளி வாரத்து வியாழக்கிழமை சிஸ்டர் மறுபடி நடந்தார். டயர் வந்ததும் மாட்டிப் பார்த்தால் திருப்பும்போது மட்கார்டில் உரசுகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே கட்டை கொடுத்து வண்டியைத் தூக்க வேண்டும் என்றார் மெக்கானிக். தூக்கினார். இன்னமும் உரசியது. எங்கே என்று தேடினால், பக்கக் கதவுக்குக் கீழே இருந்த ஃபுட்போர்டின் முனையில். அதை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். வெல்டிங் பட்டறையிலோ ஆட்கள் தீபாவளிக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை. வேன் நாலு கல்லின் மேல் நின்றது.

டயருக்குச் சொல்லிவிட்டு வந்த பிறகு மூன்றாவது வியாழக்கிழமை ஏரி நிரம்பி, தண்ணீர் பாதை மேல் இடுப்பளவு ஓடியது. சிஸ்டர் பஸ்ஸில் போய், கரையில் நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்தார். பட்டறைக்கு நேராக வந்தார். நான் அப்போது டயர்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டன் இடுக்கில் விரலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போவ முடியலண்ணே," என்றார். "இன்னும் எத்தன நாளு?"

"ரெண்டு நாளு சிஸ்டர். வெட்டுனா முடிஞ்சுது."

"எத்த வெட்டணும்?"

ஃபுட்போர்டைக் காட்டினேன். "அது இல்லாம எப்டிண்ணே ஏறுவாங்க?"

"ஒரு ஸ்டூலு போட்டுக்கலாம்," என்றேன். சொன்ன வேகம் இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வண்டி தயாரானதும் மருந்தகத்து வாசலில் ஒரு சின்னக் கூட்டம். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தேன். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். எங்கள் இடத்தில் இரண்டும் நடக்கும், யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆறு அரிசி மூட்டையைப் பின்னால் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் நாலு விரல் போகிறதா என்று அளந்தோம். போனது. தூக்கி ஏற்றிய மூட்டைக்கு இடம் பார்த்தோம். தானாக ஏறுகிற ஒரு ஆளை நிறுத்தி, எங்கே, ஏறிக் காட்டு என்று ஒருத்தருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

நாலாவது வியாழக்கிழமை, வடிந்தது போக முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேன் அதில் இறங்கியது, ஏறியது, களிமண்ணில் கொஞ்சம் வழுக்கியது, நின்றுவிடாமல் போய்ச் சேர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காலனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மா வீட்டுக்குள்ளிருந்து வர நேரமாயிற்று. முகம் கறுத்துப்போயிருந்தது. கதவுக் கம்பியைப் பிடித்தார். வேனின் தளம் அவர் தொடைக்கு வந்தது. நல்ல காலை மேலே வைக்க வேண்டுமானால் புண் காலில் முழு உடம்பும் நிற்க வேண்டும். ஒருமுறை முயற்சி செய்தார், வாயைக் கடித்துக்கொண்டு கீழே வைத்துவிட்டார். நான் பிளாஸ்டிக் ஸ்டூலை ஓடிப்போய் எடுத்து வைத்தேன். அதன் நாலு காலும் சேற்றுக்குள் நிதானமாக இறங்கின.

"இன்னாண்ணே, வண்டி இம்மாம் ஒசரம் ஆயிடுச்சு?" என்றார். திட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அப்போதுதான் பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னி கண்ணில் பட்டது. பெரிய சைஸில் நாலுதான் கிடைத்ததால் ஸ்டெப்னி மட்டும் பழைய டயராகவே நின்றுவிட்டது. கழற்றி உருட்டி வந்து, கதவுக்குக் கீழே படுக்கப் போட்டேன். சேற்றில் அது அமுங்கவில்லை. அந்தம்மா என் தோளைப் பிடித்து அதன் மேல் ஏறி, அங்கிருந்து உள்ளே போனார்.

சிஸ்டர் கட்டைப் பிரித்தார். வெளியே நின்ற எனக்கே நாற்றம் வந்துவிட்டது. கட்டை விரலும் அதற்கடுத்ததும் கரிக்கட்டை நிறத்தில் இருந்தன.

"வண்டிய எடுங்கண்ணே," என்றார் சிஸ்டர். "விழுப்புரம். பெரியாஸ்பத்திரி. ஜல்தியா போங்க."

சேற்று டயர் தார் ரோட்டில் சத்தம் போடும். எனக்கு அதுவும் தெரிந்ததுதான். கூட்டேரிப்பட்டில் ஹைவேஸ் ஏறினதும் ஊளையிட ஆரம்பித்தது, விழுப்புரம் போய்ச் சேரும் வரை நிற்கவில்லை. பின்னால் சிஸ்டர் என்னவோ சொல்வதும் அந்தம்மா பதில் சொல்வதும் எனக்குக் காதில் விழவில்லை. விழாதது நல்லது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு விரலையும் எடுத்தார்கள். கால் தப்பியது. ஒரு பதினைந்து நாள் முன்னால் வந்திருந்தால் விரலையும் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் அதை என்னிடம் ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் டயர்ப் பேச்சையே எடுத்ததில்லை.

இப்போது பாதை காய்ந்துவிட்டது. பழைய டயரே போதும் என்கிற அளவுக்குக் காய்ந்துவிட்டது. முப்பத்தோரு இன்ச் டயர் மேல் வேன் நிற்கிறது. பெட்ரோல் பங்க்கில், டீக்கடையில் இளவட்டங்கள் வந்து சைஸ் கேட்டுவிட்டுப் போகிறார்கள். சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுவேன். இந்த டயருக்கு ஃபுட்போர்டு திரும்ப ஒட்டாது என்று பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டார். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஸ்டெப்னியைக் கழற்றிப் போட்டு, மறுபடி தூக்கி மாட்டுகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. போகட்டும்.

போன வாரம் அந்தம்மா ஸ்டெப்னி மேல் ஏறி நின்றுகொண்டு கேட்டார்: "ஏண்ணே, அப்ப டயரு வாங்கறதுக்கு அவ்ளோ நாளு ஆச்சே, அது ஏன்?"

குத்திக் கேட்கவில்லை. ஏதோ ஞாபகம் வந்து கேட்ட மாதிரிதான் இருந்தது. திண்டிவனத்துக் கடைக்காரர் முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. மத்தியானத்துக்குள் மாட்டிக்கொண்டு போகலாம் என்றாரே, அந்த முகம்.

"ஸ்டாக்கு இல்லம்மா," என்றேன்.

"அதானே," என்றார் அந்தம்மா. "இருந்திருந்தா நீ வராம இருப்பியா?"

என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறினார்.