படலையில் ஒரு வேப்பிலைக் கொத்து

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை. கையில் ஆஸ்பத்திரி ஃபைல், தோளில் சுடுதண்ணீர்ப் போத்தல், வாந்திக்கு ஒரு சின்ன வாளி – முழு அலங்காரத்துடன் வீட்டு வாசல் படலையடியில் நிற்கிறேன். பின்னால் விறாந்தைக் கதிரையில் ஐயா. என் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அன்று அவருக்கு நாலாவது கீமோ. யாழ்ப்பாணம் போக வேண்டும். வரவேண்டிய வான் வண்டியைக் காணவில்லை.

நேசனுக்குப் போன் எடுத்தேன். பரந்தனிலிருந்து வந்து ஒவ்வொரு தடவையும் ஐயாவை ஏற்றிப்போகிறவர் அவர்தான்.

"வந்தனான் அக்கா. படலையில வேப்பிலையைக் கண்டிட்டுத் திரும்பிட்டன். வீட்டில அம்மாளெண்டால் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ? எனக்கும் சின்னப் பிள்ளை இருக்குது."

கொப்பளிப்பான், அதாவது அம்மை, வந்த வீட்டில் அம்மாள் வந்திருக்கிறாள் என்போம். படலையில் வேப்பிலை கட்டுவோம். கண்டவர்கள் உள்ளே வரமாட்டார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு கொப்பளம்கூட இல்லை. அப்படியானால் வேப்பிலையைக் கட்டியது யார்?

நான்தான்.

கீமோவுக்கு ஆஸ்பத்திரியில் தங்கத் தேவையில்லை. காலையில் போய், மருந்து ஏற்றி, பின்னேரம் வந்துவிடலாம். மிச்சத்தை வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து ஏற்றிய பிறகு எதிர்ப்புச் சக்தி குறையும், ஆட்களைக் கிட்ட விடாதீர்கள் என்றார் டொக்டர். சொல்வது சுகம். எங்கள் கண்டாவளையில் ஒருவர் வருத்தமாக, நோயில் கிடக்க, போய்ப் பார்க்காமல் இருப்பதா? பத்து வருஷத்துக்குக் கதை வருமே...

ஆகவே வந்தார்கள். அப்பிளோடு வந்தார்கள், பால்மாவோடு வந்தார்கள், தடிமனோடும் வந்தார்கள். ஐயாவின் கையைப் பிடித்தபடி மூன்று தரம் தும்மிய ஒருவர், கிருமி தொற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு காய்ச்சல். மூன்றாவது இரண்டு கிழமை தள்ளிப்போனது. ஐயா உடைந்துபோனார். ஆறும் முடித்து, காலபோக விதைப்புக்கு வயலில் நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு வேறு பயம். மருந்து தள்ளிப்போகப் போக, அந்த வருத்தம் சும்மா இருக்குமா?

மூன்றாவதை ஏற்றிக்கொண்டு வந்த அன்றே வேப்பமரத்தில் கை வைத்தேன். தகரப் படலையின் வெளிப்பக்கத்தில், ஐயாவின் கண்ணில் படாமல் கட்டினேன். பொய்க்கு அம்மாளை இழுக்கலாமா என்று அம்மா பயந்தார். கற்பூரம் கொளுத்தி முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து ஒரு குஞ்சு குருமான் இல்லை. குழை காயக் காயப் புதிதாக மாற்றினேன். ஒருவர் மாறி ஒருவருக்கு வந்திருக்கும் என்று ஊரே விளக்கம் சொல்லிக்கொண்டது. அம்மாளுக்கு ஆகாதென்று பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசம்கூட நின்றுபோனது. யாரோ படலைத் தூணடியில் இளநீர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பொய்க்குக் கிடைத்த அந்த இளநீரையும் குடித்தேன், உண்மைதான். ஆனால் ஐயாவுக்குக் காய்ச்சல் வரவில்லை.

ஆள்தான் வாடிப்போனார். ஏன் ஒருவரும் வருவதில்லை என்று கேட்டார். எல்லாரும் வயலில் மும்முரம் என்றேன். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கிற காலம் – வாழ்நாளெல்லாம் கமம் செய்த மனிதனிடம் சொல்கிற பொய்யா அது?  சாத்தியிருந்த படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது போனில் நேசன். உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. சொன்னேன் – பின்னால் ஐயா இருப்பதை மறந்து, உரக்க.  பத்து நிமிஷத்தில் வருவதாகச் சொன்னார் நேசன்.

திரும்பினேன். ஐயா எழுந்து நின்றார்.

"அப்ப சனம் என்னை மறக்கேல்லை, என்ன பிள்ளை?"

கோபிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார். மூன்று கிழமையாக அந்தச் சிரிப்பைக் காணவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிருமியை மறித்த கெட்டிக்காரி... வெட்கமாக இருந்தது.

மருந்து நேரத்துக்கு ஏறியது. பின்னேரம் திரும்பினால் படலையடியில் ஏழெட்டுப் பேர். நாள் முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த நேசன், கையில் போனை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? முதலில் இறங்கி, அவர்களை மறிக்கப் போனேன். ஆனால் ஒருவரும் உள்ளே வரவில்லை. ஐயாவுக்குக் கையைக் காட்டிவிட்டு, வானுக்கு வழிவிட்டு, ரோட்டிலேயே நின்றார்கள்.

பக்கத்து வீட்டுப் பவளமக்கா என்னைத் தனியாகப் பிடித்தார். "வராதையுங்கோ எண்டு நேராச் சொல்லியிருந்தால் நிண்டிருப்பமே, பிள்ளை. ஏன் அம்மாளைக் கரைச்சல்படுத்தினீங்கள்?"

ஒரே ஒரு வசனம். அதைச் சொன்னால் கோபிப்பார்கள் என்று நானே தீர்மானித்து, ஒரு மரத்தையே மொட்டையாக்கியிருக்கிறேன்.

இப்போது பின்னேரங்களில் சனம் ரோட்டில், ஐயா விறாந்தையில். கத்திக் கத்திக் கதை நடக்கிறது. ஒருவரும் எல்லை தாண்டுவதில்லை.

ஐயாவின் கதிரைதான் ஒவ்வொரு நாளும் ஒரு சாண் படலைப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது.