ஆறு புஷ்ஷும் ஒரு திங்கட்கிழமையும்

வீட்டு முகப்பிலேயே ஜீப்பைப் பழுதுபார்க்கும் ஆளுக்குப் பெண்டாட்டியாக இருப்பது ஓர் உத்தியோகம். நியமனக் கடிதம் கிடையாது, ராஜினாமா கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இந்த உத்தியோகத்தில் இருக்கும் சகோதரிகளைப் பாசாரில் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிடும். நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். மீன்காரன் ஒரு வெள்ளி கூடச் சொன்னால் அவன் மேல் பாய்வார்கள், ஏனென்றால் பாய வேண்டிய ஆள் வீட்டில் ஜீப்புக்கு அடியில் படுத்திருப்பார். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படிக்கலாம், சிரிக்கக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

எங்கள் வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். எண்பதுகளின் நடுவில், ஏதோ ஓர் எஸ்டேட் லேலோங் ஏலத்தில் விட்ட பழைய ஜீப்பை, காட்டாற்றில் தூண்டில் போடப் போவதற்கென்று வாங்கினார். கொஞ்ச நாளில் அதற்கு ஒரு வியாதி வந்தது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஃபெடரல் ஹைவேயில் சுங்கை வே தாண்டும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம், ஜீப் ஒரு பக்கம், என் உயிர் ஒரு பக்கம். சாலாக் செலாத்தானில் ஒரு மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, முன்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் புஷ் எல்லாம் போய்விட்டது என்றார். ஸ்பிரிங்கையும் வண்டியின் சட்டத்தையும் போல்ட் போட்டு இணைக்கிற இடத்தில், இரும்புக் குழாய்க்குள் வைத்த ரப்பர்தான் புஷ். அது தேய்ந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஆடும். முன்பக்கம் மட்டும் ஆறு.

அந்த வாரமே எங்கள் மகள் கலாவுக்குக் கடிதம் வந்தது. கிழக்குக் கரையில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம். இன்னும் ஆறு வாரத்தில், குறிப்பிட்ட திங்கட்கிழமை மதியத்துக்குள் நேரில் வந்து பதிய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. இரண்டு வருஷம் விண்ணப்பித்துக் கிடைத்த இடம். பெட்டி, படுக்கை, பெண் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு காராக் மலைச்சாலையில், பலகை லோரிகளுக்கு நடுவே, இந்த ஆட்டம் ஆடுகிற வண்டியில் போக வேண்டும். பட்டறையில் விட்டுவிடுங்கள் என்று நல்லவிதமாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஏதோ கோயில் நகையை அடகு வைக்கச் சொன்னவளைப் போலப் பார்த்தார்.

"ஆறு ரப்பர், ராஜி. இதுக்குப் போயி பட்டறையா? ஒரு ஞாயித்துக்கிழமை வேலை."

தையல் டேப்

இருந்த ஒரு நாள் லீவை அவர் அந்தத் திங்கட்கிழமைக்கு ஒதுக்கிவிட்டதால் சாமான் வாங்க என்னை அனுப்பினார். கிள்ளானுக்குப் பஸ் பிடித்துப் போனேன். கையில் ஜீப்போடு வந்த ஆங்கிலப் புத்தகத்திலிருந்து நானே எழுதியெடுத்த நம்பர் சீட்டு. எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தைத் திறந்து படித்த ஒரே ஆள் நான்தான். அவர் படம் மட்டும் பார்ப்பார். அவர் ஒருவழியாகக் கழற்றிய பழைய புஷ் ஒன்றையும் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன்.

கடைக்காரச் சீனர் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். சீட்டையும் பார்க்கவில்லை, பொட்டலத்தையும் பிரிக்கவில்லை. என்ன ஜீப் என்று கேட்டார், உள்ளே போனார், ஆறு புஷ்ஷைக் கொண்டுவந்து கட்டினார். இது பின்பக்கத்துக்கு உள்ளது மாதிரித் தெரிகிறதே என்றேன். இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறாராம். நான் கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்துக் கவுன்டரிலேயே பழையதையும் புதியதையும் அளந்து காட்டினேன். நீளத்தில் கால் அங்குலம் வித்தியாசம். வரிசையில் நின்ற லோரிக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் உள்ளே போய்ச் சரியானதைக் கொண்டுவந்தார். மன்னிப்பாவது கேட்பார் என்று நின்றேன்.

"ஆன்டி டேப் சரியாத்தான் அளக்குது. ஆனா எதுக்கும் அங்கிளை ஒரு தடவை கேட்டுட்டு வாங்க லா."

வெள்ளைச் சட்டைகள்

மீதி ஐந்து பழைய புஷ்ஷும் துருப்பிடித்து ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் காலையிலிருந்து சுத்தியலால் அடித்தார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று ரப்பருக்கு நெருப்பு வைத்தார். ரப்பர் எரிந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? புகை மேலே போகாது. கறுப்பாக, தடிமனாக, எங்கே வெள்ளைத் துணி இருக்கிறது என்று தேடிப் போகும். எங்கள் பக்கத்து வீடு டோபி சின்னையா அண்ணன் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆபீஸ்காரர்களின் வெள்ளைச் சட்டை நாற்பது, கஞ்சி போட்டுக் கொடியில் காய்கிறது. திங்கட்கிழமை டெலிவரி.

எங்கள் வீட்டுக்காரர் புகையைப் பார்க்கவில்லை, ஜீப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் ஓடினேன். நாற்பது சட்டையையும் அண்ணனோடும் அவர் மனைவியோடும் உட்கார்ந்து மறுபடி கசக்கினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் சமையல் இல்லை. வீட்டுக்கு வந்து ஐஸ்பெட்டியைத் திறந்தால், தெங்கிரி மீனுக்குப் பக்கத்தில் ஆறு புதிய புஷ் உட்கார்ந்திருக்கிறது. குளிர்ந்தால் சுருங்கி, உள்ளே சுலபமாகப் போகுமாம். ஒரு வாரம் எங்கள் மீன்குழம்பு டயர் வாசனை அடித்தது. மாலையில் சின்னையா அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அந்த மனிதர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. அடுத்த தடவை கொளுத்துறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க, அன்னைக்கு நான் போலீஸ்காரங்க நீலத் துணியா பாத்துத் தொவைக்கிறேன்."

வெள்ளைக்காரன் ரோடு

புதிய புஷ்ஷை மாட்டிய ஞாயிற்றுக்கிழமை, அவருடைய தூண்டில் கூட்டாளிகள் மூன்று பேர் வந்து முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். என் வேலை டார்ச்லைட் பிடிப்பது. 'அங்கே பிடி' என்பார். அங்கே என்றால் எங்கே? அவர் கண் எந்த இடத்தைப் பார்க்கிறது என்பது ஜீப்புக்கு வெளியே நிற்கிற எனக்கு எப்படித் தெரியும்? இதை வைத்தே எத்தனை குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நடு நடுவே காப்பி. பிறகு நூடுல்ஸ் வறுத்து மீ கோரெங். இடது கையில் டார்ச், வலது கையில் கரண்டி.

போல்ட்டை முறுக்குகிற நேரம் வந்தது. ஜீப் ஜாக்கி மேல் இருக்கிறது, முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்குகிறது. நான் புத்தகத்தைத் திறந்து வாசித்தேன். தெளிவாகப் போட்டிருந்தது, அதுவும் தடித்த எழுத்தில்: சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் பாரம் ஸ்பிரிங்கில் இறங்கிய பிறகே போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். ஏன் என்பதற்குக் கான்வென்ட் படிப்பு வேண்டாம். துணி பிழிகிற எந்தப் பெண்ணுக்கும் புரியும். தொங்குகிற நிலையில் ரப்பரை இறுக்கிப் பிடித்துவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் அந்த ரப்பர் பிழிந்த துணி மாதிரி முறுகியே கிடக்கும், சீக்கிரம் கிழியும். தரையில் இறக்கிவிட்டு முறுக்குங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் அடியிலிருந்து கையை நீட்டி ஸ்பேனர் கேட்டார். முக்காலியில் இருந்த மணியம்தான் என் மீ கோரெங்கை மென்றுகொண்டே தீர்ப்பு சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறு போல்ட்டும் அந்தரத்திலேயே முறுக்கப்பட்டன.

"அண்ணி, அது வெள்ளக்காரன் ஊரு ரோட்டுக்கு எழுதுன புக்கு. நம்ம ரோட்டுக்கு மேலேயே வச்சு நல்லா டைட் பண்ணிடணும்."

வியாழக்கிழமை

சத்தம் நின்றது. மூன்று வாரம் ஜீப் பூனை மாதிரிப் போனது. எங்கள் வீட்டுக்காரர் தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு தடவை காட்டாற்றுக்கும் போய் வந்தார்கள். கலா பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். பதிய வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை, கோயில் சந்தில் பிரேக் பிடித்தார். 'டொக்.'

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், ஆறில் நான்கு கிழிந்து, ரப்பர் ஒரு பக்கமும் இரும்பு ஒரு பக்கமும் நிற்கிறது. மீதி இரண்டும் கிழியக் காத்திருக்கிறது. முறுகிக் கிழிந்த கிழிசல் என்று பார்த்த உடனே தெரிந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சகோதரிகளே, இது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும். இனி வாடகைக் கார் பேசலாம் என்றேன். தன் ஜீப் வாசலில் நிற்கும்போது தன் மகளை வாடகைக் காரில் ஏற்றுவதா என்று அவருக்கு ரோஷம். இப்படியே மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்றார். மலைச்சாலை, ஒரு பக்கம் பள்ளம், எதிரே பலகை லோரி, தன் இஷ்டத்துக்கு ஆடுகிற சக்கரம். அந்த வண்டியில் என் பெண் ஏற மாட்டாள் என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். கலா கதவோரம் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் சண்டையை முடிச்சிட்டுச் சொல்லுங்க. நான் பஸ்ஸுல போறதுன்னா இப்பவே டிக்கட் எடுக்கணும்."

வயிறு

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிள்ளானுக்குப் போய் இன்னும் ஆறு புஷ் வாங்கினேன். சனிக்கிழமை முழுவதும் பழையதை அறுத்தெடுத்தோம். நெருப்பு என்ற பேச்சையே நான் அனுமதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் புதியதை ஏற்றியாகிவிட்டது. போல்ட் எல்லாம் கையால் திருகிய அளவில் நிற்கிறது. அவர் பெரிய ஸ்பேனருக்குக் கையை நீட்டினார். நான் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஜீப் கீழே இறங்கட்டும் என்றேன். முறைத்தார். இறக்கினார்.

சக்கரம் ஊன்றியது. அவர் மல்லாந்து படுத்துத் தலையை உள்ளே விட்டார், தோள் போனது, அதற்கு மேல் போகவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைக்காரன் ரோடும் இல்லை, நம் ஊர் ரோடும் இல்லை. வண்டி தரையில் நின்றால் இவர் வயிறு அடியில் போகாது. கூட்டாளிகள் முன்னால் அதைச் சொல்ல வெட்கம். இந்த வெட்கத்துக்காக என் மகளின் இரண்டு வருஷம் போயிருக்கும். எனக்கு வந்த கோபத்தில், அவருடைய பழைய காற்சட்டையை மாட்டிக்கொண்டு நானே அடியில் போனேன். எனக்கு இடம் தாராளமாக இருந்தது. பலம் கூட, ஸ்பேனர் பிடியில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, மண்ணெண்ணெயும் துருவும் கண்ணில் விழ, ஆறு போல்ட்டையும் ஒவ்வொன்றாக முறுக்கினேன். மூன்று விரல் முட்டியில் தோல் போய்விட்டது. கலா வெளியே உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து அடுத்தது எது என்று சொன்னாள். டார்ச்லைட்டை அவர்தான் பிடித்தார். அவ்வளவு நேரம் முறுக்குகிறேன், ஒரு தடவையாவது வெளிச்சம் சரியான இடத்தில் விழுந்தால்தானே. நான் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டதாம். முக்காலி தேடிக்கொண்டு வந்த மணியம் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணி, கோவமா இருக்கீங்க போல. நான் அப்புறமா வந்து காப்பி குடிச்சிக்கிறேன்."

பதினொரு மணி

திங்கட்கிழமை விடியும் முன்னே கிளம்பினோம். மலைச்சாலையில் ஒவ்வொரு வளைவிலும் நான் காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். ஒரு 'டொக்' இல்லை. ஓர் இடத்தில் எதிரே வந்த பலகை லோரிக்காரன் நடுக்கோட்டைத் தாண்டினான். வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார், ஜீப் கோடு போட்டது மாதிரி நேராக நின்றது. கலா பின்னாலிருந்து என் தோளில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தாள்.

பதினொரு மணிக்குப் பெயர் பதிந்தாயிற்று. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு மெந்தகாப் ஊர்த் தமிழர், அவரும் மகளைக் கொண்டுவந்தவர், எங்கள் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவரிடமும் இதே மாதிரி ஜீப் ஒன்று இருக்கிறதாம், முன்பக்கம் ஒரே சத்தமாம், எங்கே கொடுத்துச் செய்தீர்கள் என்று கேட்டார். நான் விரலில் துணி சுற்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் பானெட்டை ஒரு தட்டுத் தட்டினார்.

"பட்டறையா? சேச்சே. எல்லாம் நம்ம வீட்டுலயே செஞ்சது, பாஸ்."

வீட்டில் செய்தது என்று சொல்லிவிட்டால் யார் கையால் என்று எந்த ஆம்பளையும் கேட்பதில்லை. சாம்பாரும் அப்படித்தான், ஜீப்பும் அப்படித்தான்.