தண்ணீர் விழாத படத்தில் விழுந்த தண்ணீர்

என் நண்பர் தம் வாழ்நாளில் இயக்கியது ஒரே ஒரு திரைப்படம். முழுவதும் குற்றாலத்திலேயே எடுக்கப்பட்ட அப்படத்தில் ஒரு சொட்டு அருவி நீர்கூட விழாது. மனம் பேதலித்த மனைவியை அருவியில் நீராட்டினால் தெளிவு பிறக்கும் என்று நம்பி, வானம் பார்த்த பூமியிலிருந்து ஒருவன் அவளை அழைத்து வருகிறான். அவ்வாண்டு சாரல் பொய்த்துவிடுகிறது. பேரருவியின் பாறை, தீயணைந்த அடுப்பின் சுவரைப்போல் உலர்ந்து நிற்கிறது. இருவரும் ஒரு மாதம் காத்திருந்துவிட்டுப் பேருந்து ஏறிப் போய்விடுகிறார்கள். ஒரு மணி ஐம்பது நிமிடம் ஓடும் படத்தின் கதை இவ்வளவே. உரையாடல் எழுதியவன் நான். நாற்பது வரிக்குமேல் எழுத அவர் விடவில்லை.

படம் எங்கெங்கோ உள்ள திரைப்படக் கழகங்களில் காட்டப்பட்டது. எங்கள் ஊரான தென்காசியில் ஒருமுறையும் காட்டப்படவில்லை. மூலச்சுருள் எங்கோ ஒரு கிடங்கில் மட்கிப்போக, எஞ்சிய ஒரே ஒளிநாடா என் இரும்பு அலமாரியில் கிடந்தது. நண்பருக்கு இரண்டாண்டுகளாகக் கண்ணழுத்த நோய். பார்வை நாளுக்குநாள் குறுகி வருகிறது. "குழாய்க்குள்ள இருந்து பாக்குத மாதிரி இருக்குவே" என்பார். இனி மீட்க வழியில்லை என்று மருத்துவர் சொன்ன அன்று மாலை, தம்மிடம் எஞ்சியிருந்த விருப்பம் ஒன்றை அவர் என்னிடம் சொன்னார். இருக்கிற பார்வையும் போவதற்குள், தம் ஊரில், தம் ஊர் மக்கள் நடுவே, அந்தப் படம் ஒருமுறை முழுதாக ஓடவேண்டும். அதற்கு நாடாவைக் கணினிக்கு மாற்றித் தருவார் ஒருவர் வேண்டும். தேடியதில் அகப்பட்டவன்தான் இந்தக் கட்டுரைக்குரிய இளைஞன்.

காவல்துறை அலுவலர் ஒருவரின் மகன். முப்பதை நெருங்கும் அகவை. பெங்களூர் நிறுவனமொன்றுக்குத் தென்காசியில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்பவன். காணொளிகளை வெட்டி ஒட்டுவதில் வல்லவன் என்றார்கள். வல்லவன்தான், வெட்டுவதில். இரண்டே வாரத்தில் நாடாவைப் பழுதின்றி மாற்றித் தந்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் யாரும் கேளாத இன்னொரு வேலையையும் செய்து முடித்துவிட்டு, முகமெல்லாம் பல்லாக மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தான்.

"சார், ஒரு சர்ப்ரைஸ்!"

அவன் கொண்டாடும் இசைக்குழு ஒன்று உண்டாம். கடல் கடந்த குளிர்நாட்டுக் குழு. அவர்களது இசைத்தொகுப்பு ஒன்று நாற்பத்தாறு நிமிடம் ஓடுமாம். நண்பரின் படத்தை அந்த நாற்பத்தாறு நிமிடத்துக்குள் அடைத்திருந்தான். உரையாடல் இல்லை. என் நாற்பது வரிகளும் போயின. அதற்காக நான் அழவில்லை. காற்றின் ஒலி இல்லை, கதவின் ஒலி இல்லை, பெண்ணின் இருமல் இல்லை. முரசு அதிரும் இடத்திலெல்லாம் காட்சி துள்ளியது.

"படத்துல நெறைய லேக் சார், ரொம்ப இழுக்குது. ஆனா ஷாட் எல்லாம் வேற லெவல். அதான் ஆல்பத்துக்கு செட் பண்ணிட்டேன். பீட்டு மாறுத எடத்துல எல்லாம் கட்டு கரெக்டா விழுது பாருங்க."

சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று பாட்டனாரின் நிழற்படத்தில் இரண்டு காதுகளையும் நறுக்கிவிட்டு, 'எவ்வளவு பொருத்தம் பாருங்கள்' என்று நீட்டுபவனிடம் என்ன பேசுவது? அவனுக்கு அந்த இசை பிடித்திருந்தது. படத்தின் நிறமும் பிடித்திருந்தது. பிடித்த இரண்டையும் பிசைந்தால் படைப்பு ஆகிவிடும் என்று எண்ணியிருந்தான். அவன் தலைமுறையில் நான் கண்ட பெரும்பாலோரின் கலைக்கொள்கை இதுவே. உணவகத்தில் சாம்பாரையும் பாயசத்தையும் ஒரே இலையில் கலந்து உண்பவரை நாம் கலைஞர் என்று அழைப்பதில்லை.

இதற்கும் மேலொன்று நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நிமிடத்தில் இசை பொங்கியெழ, தண்ணீர் விழுந்தது.

தண்ணீர் விழாத படத்தில் தண்ணீர்! சென்ற பருவத்தில் கைப்பேசியில் தான் எடுத்த வெள்ளக் காட்சியை, படத்தின் நிறத்துக்கு ஒப்பக் கருமை தோய்த்துச் செருகியிருந்தான். அதையடுத்து அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். மூலப்படத்தில் அவள் சிரிப்பது, தன் கையிலிருந்த வாழைப்பழத்தைக் குரங்கு பறித்துக்கொண்டு ஓடும்போது. குரங்கை வெட்டியெறிந்துவிட்டுச் சிரிப்பை மட்டும் தூக்கி அருவிக்குப் பின்னால் ஒட்டிவிட்டான். நீராடியதும் பைத்தியம் தெளிந்துவிட்டதாம்.

"இது ஐந்தருவித் தண்ணீர்" என்றேன்.

"ஆமா சார். மெயின் ஃபால்ஸ்ல அன்னைக்குப் போலீஸ் உள்ள விடல. வெள்ளம். ஃப்ளோல யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் கொடுமை. அதை ஏற்கெனவே இணையத்தில் ஏற்றிவிட்டிருந்தான்; கீழே வந்திருந்த பின்னூட்டங்களைக் காட்டினான். சுரண்டை ஊர்க்காரர் ஒருவருக்கு மயிர்க்கூச்செறிந்ததாம். வளைகுடாவில் பணிபுரியும் கடையநல்லூர்க்காரர் ஒருவர் 'நம்ம மெயின் அருவியைப் பார்த்ததும் கண்ணீர் வந்துவிட்டது' என்று எழுதியிருந்தார். ஒற்றையாய் உச்சியிலிருந்து பொங்கி விழுவது எது, கிளை கிளையாய்ப் பிரிந்து விழுவது எது என்று, பிறந்ததுமுதல் இரண்டிலும் தலை நனைத்தவர்களுக்குத் தெரியவில்லை. காட்சியின் மூலையில் கால்பந்துச் சட்டை அணிந்த ஒருவன் தலை துவட்டிக்கொண்டு நின்றதும் அவர்கள் கண்ணில் படவில்லை. ஊர்ப்பற்று இருந்தது, ஊரைப் பார்த்த கண் இல்லை.

எனக்குச் சினம் மூண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தப் பெண் கற்பனை அல்லள். நண்பரின் தமக்கையார்தாம் அப்பாத்திரத்தின் மூலம். ஒவ்வொரு பருவத்திலும் இருவர் கைப்பிடித்து அவரை அருவிக்கு அழைத்துச் செல்வதை அடுத்த தெருவிலிருந்த நான் கண்டிருக்கிறேன். தண்ணீர் விழுந்த ஆண்டுகளிலும் அவருக்குத் தெளியவில்லை. நண்பர் இதை எந்த நேர்காணலிலும் சொன்னதில்லை; இளைஞனிடம் நானும் சொல்லவில்லை. காணொளியை உடனே நீக்கு என்று மட்டும் சொன்னேன்.

"டைரக்டர் சார் சொல்லட்டும், எடுத்துருதேன்" என்றான்.

சென்றோம். நண்பர் திரைக்கு ஒரு சாண் தொலைவில் முகத்தை வைத்து, தலையை இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்சிகளைப் பொறுக்கியெடுப்பவர்போலப் பார்த்தார். நாற்பத்தாறு நிமிடமும் பார்த்தார். தண்ணீர் விழுந்தபோது மட்டும் நிறுத்தச் சொன்னார்.

"இது எந்த அருவிலே?"

"ஐந்தருவி சார்."

"அவுங்க உக்காந்திருக்கது?"

"மெயின் ஃபால்ஸ் சார்."

"இடையில மூணு மைல் இருக்கேலே. தண்ணி பஸ்ஸுல வந்துச்சாக்கும்?"

இளைஞன் தலையைச் சொறிந்தான். மீண்டும் ஓடவிட்டான். பெண் சிரித்தாள். நண்பர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் நெடுநேரம் துடைத்தார். பிறகு சொன்னார்: "இது இருந்துட்டுப் போட்டும். எம்பேரை மட்டும் எடுத்துரு."

"என்னவே சொல்லுதீரு? ஒழிக்கச் சொல்லும்வே!" என்றேன் நான்.

"நீரு சும்மா இரியும். ஏலே, இதை எத்தன பேரு பாத்திருக்கான்?"

"அஞ்சாயிரம் தாண்டிட்டு சார்!"

"அதுல உள்ளூர்க்காரங்களக் கொஞ்சம் பேரக் கூட்டிட்டு வா. எம்படத்தப் போடணும். முழுசா. நீதான் போடணும்."

அடுத்த ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குக் குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதியின் மேல்மாடிக் கூடம் ஏற்பாடாயிற்று. நல்ல பருவம். சாலையெங்கும் ஈரத் துண்டுகளும் எண்ணெய் வாடையும். ஏறக்குறைய நாற்பது பேர் வந்தார்கள். பாதிப்பேர் குளித்த தலையோடு வந்து, படத்தை ஈரம் உலர்த்தும் இடமாகக் கருதி அமர்ந்தார்கள். வெளியே பேரருவி இரைந்துகொண்டிருந்தது. தண்ணீர் இல்லாத படத்துக்குள் அவ்வோசை புகுந்துவிடக்கூடாதென்று நான் சாளரங்கள் அனைத்தையும் சாத்தினேன். காற்றில்லாமல் வியர்த்தது. முதல் முணுமுணுப்பு அதற்குத்தான் எழுந்தது.

முதல் அரைமணியில் பத்துப் பேர் எழுந்து போனார்கள். ஒருவர் கைப்பேசியில் பேசியபடியே, "ஒண்ணுமில்ல மச்சான், ரெண்டு பேரு சும்மா உக்காந்துருக்காங்க, அதைத்தான் பாத்துட்டு இருக்கோம்" என்று நேர்முக வருணனை வழங்கினார். இவர்கள் ஐயாயிரம் முறை பார்த்து வியந்த காட்சிகள்தாம் இவை. முரசு இல்லாததால் அடையாளம் தெரியவில்லை.

படத்தின் நடுவே பதினொரு நிமிடம் வெட்டின்றி ஓடும் காட்சி ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் செங்கோட்டைச் சாலையோரப் பாலச்சுவரில் மலையைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள். சாலை நம் முதுகுப் பக்கம். புளியறைக்குப் போகும் சரக்குந்துகளின் ஒலி மட்டும் வரும். முதலாவது கடக்கும்போது அவள் திரும்பிப் பார்ப்பாள். இரண்டாவதற்கு அவன் திரும்புவான். நெடிய இடைவெளிக்குப்பின் மூன்றாவது வரும். இருவரும் திரும்ப மாட்டார்கள். அவர்கள் நம்பிக்கை இழந்துவிட்டதை நண்பர் சொன்ன முறை அது.

காட்சி முடிந்து அடுத்தது வந்தது. என் அருகே இருந்த நண்பர் சட்டென்று எழுந்து நின்றார்.

"ஏலே! ரெண்டு லாரிதான போச்சு. மூணாவது எங்க?"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். பின்வரிசைக்கு அப்பால் மடிக்கணினியோடு நின்ற இளைஞன் படத்தை நிறுத்தினான்.

"சார்... ஆளுக எந்திரிச்சுப் போறாங்க. இருக்கவங்களாவது இருக்கட்டும்னு ஒரு நாலு நிமிஷம் தள்ளிவிட்டுட்டேன்."

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. விரல் தானாகப் போயிருக்கும். எதுவும் நிகழாத இடம் என்றால் தள்ளிவிட வேண்டிய இடம் என்று அந்த விரல் பழகியிருந்தது. உரையாடல் எழுதிய நானும் அதைக் கவனிக்கவில்லை என்பதை இங்கே எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. நாற்பது வரிகளை எண்ணிக்கொண்டிருந்தவன் ஒரு சரக்குந்தைத் தவறவிட்டேன். கண் போய்க்கொண்டிருந்த மனிதர்தாம் பிடித்தார்.

"போறவன் போட்டும். அந்த ஷாட்ட மொதல்ல இருந்து போடு. லாரி வரணும்."

"மொதல்ல இருந்தா சார்? பதினோரு நிமிஷமா?"

"பதினோரு நிமிஷந்தான்."

மறுபடியும் பாலச்சுவர். நாற்காலிகள் தரையில் இழுபடும் ஓசை தொடர்ந்து கேட்டது. முதல் வண்டி போயிற்று, அவள் திரும்பினாள். இரண்டாவது போயிற்று, அவன் திரும்பினான். பிறகு அந்த நீண்ட இடைவெளி. நண்பர் உட்காரவில்லை. திரையைப் பார்க்காமல் தலையைச் சாய்த்து நின்றார். எங்கோ தொலைவில் உறுமல் எழுந்து, நெருங்கி, கடந்து, மேற்கே தேய்ந்தது. இருவரும் திரும்பவில்லை. நண்பர் அமர்ந்தார்.

படம் முடிந்து விளக்கெரிந்தபோது, எஞ்சியவர்களுள் ஓர் அம்மையார் எழுந்து, "ஏன் சார், கடைசி வரைக்கும் தண்ணியே விழலையே. நெட்ல விழுந்துச்சே. அந்த சீன வெட்டிட்டீங்களா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் நாவின் நுனிவரை வந்துவிட்டது. நண்பர் முந்திக்கொண்டார்.

"விழலம்மா. அந்த வருசம் விழல."

அம்மையார் ஈரத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பாவம் அந்தப் பிள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாற்பத்தாறு நிமிடக் குப்பை இன்றும் இணையத்தில் கிடக்கிறது. நண்பரின் பெயர் அதில் இல்லை, தண்ணீர் இருக்கிறது. பார்ப்பவர் தொகையும் பெருகுகிறதாம். பெருகட்டும்.

படியிறங்கும்போது நண்பர் என் தோளைப் பற்றிக்கொண்டார். வெளிச்சத்திலிருந்து படிக்கட்டின் இருளுக்கு வந்தால் அவருக்கு எதுவும் தெரிவதில்லை.

"கடைசில எத்தன பேருவே இருந்தாங்க?"

"ஏழு பேர்."

"ஏழு பேரும் முழுசாவா?"

"முழுசா" என்றேன்.

என் தோளில் இருந்த அவர் பிடி சற்று இறுகிற்று. படம் பார்க்க வந்தவர்களில் நாற்காலிகளில் எஞ்சியவர்கள் ஐவரே. ஆறாவது நான். ஏழாவதாக, கதவோரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, இரண்டாம் முறை கையைக் கணினியில் வைக்காமல் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டிருந்த அந்த வெட்டுக்காரனையும் சேர்த்துக்கொண்டேன். மனமொப்பிச் சேர்க்கவில்லை. ஆனால் அவனும் மூன்றாவது லாரி வரும்வரை நின்றான்.