கர்த்தருக்காக வளர்த்த குடுமி

நான் சொன்ன பொய்களில் ஒன்றே ஒன்றுதான் கோயிலில் அறிவிப்பாக வாசிக்கப்பட்டது. அது என் தலைமுடியைப் பற்றிய பொய்.

அப்போது களக்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். அந்த ஊர்ச் சபையின் மூப்பர் தம் மகளை எனக்குக் கொடுக்கச் சம்மதித்து, கோயிலில் முதல் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கேட்பார்கள். மூன்று தடவையும் யாரும் வாய் திறக்காவிட்டால் கல்யாணம். எனக்குத் தடை சொல்ல யாருமில்லை என்ற தைரியத்தில் கல்யாணச் சட்டைத் துணி எடுக்கப் பாளையங்கோட்டைக்குப் போனேன்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள், மூன்று தலைமுறையும் குடுமிக்காரர்கள். ஞானஸ்நானத் தண்ணீர் எங்கள் குடுமியை ஒன்றும் செய்துவிடவில்லை. பெண்ணோ பாளையங்கோட்டை போர்டிங் பள்ளியில் படித்தவள். கோயில் பண்டிகையின் அசன விருந்தில் குனிந்து சோறு பரிமாறிக்கொண்டிருந்த என்னை முதுகுப் பக்கமிருந்து பார்த்து, யாரோ ஒரு சித்தி என்று நினைத்துவிட்டதாகத் தோழியிடம் சொல்லிச் சிரித்தாள். என் காது நன்றாகக் கேட்கும். பாளையங்கோட்டையில் கச்சேரிக் குமாஸ்தாக்களெல்லாம் கிராப்பும் வகிடுமாகப் போவதைப் பார்த்ததும் நாவிதர் கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் மூன்று தலைமுறை கீழே விழுந்தது.

ஊர் திரும்பியதும் மாமனாராகப் போகிற மூப்பர் வாசலில் நின்றார். இங்கே அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இளவயதில், குடுமி அஞ்ஞான அடையாளம் என்று ஒரு வெள்ளைக்கார மிஷனரி ஐயர் பிரசங்கிக்கக் கேட்டு, அன்றைக்கே கத்தரித்துக்கொண்டவர் அவர். வீட்டை விட்டுத் துரத்தினார்கள், நிலமும் போயிற்று. இந்தச் சாட்சியை ஆண்டுக்கு ஒரு தடவை கோயிலில் சொல்லுவார், சபையே அழும். அப்படிப்பட்டவர் என் மொட்டைப் பிடரியை வெகுநேரம் பார்த்தார்.

"யாருக்காவ வே வெட்டுனீரு?"

"கர்த்தருக்காக" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், கண்ணெல்லாம் தண்ணீர். நேரே குருவானவரிடம் போய், மாப்பிள்ளை கர்த்தருக்காகக் குடுமியை வெட்டினார், சாட்சி சொல்லுவார் என்று வருகிற ஞாயிறு அறிவிப்பு வாசிக்கவும் ஏற்பாடு பண்ணிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பை வாசித்ததும் எழுந்து நின்றேன். ஆண்கள் பக்கம் மாமனார், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பெண்கள் பக்கம் அவருடைய மகள், சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு. அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அந்தக் கண்ணே சொல்லிற்று. எவ்வளவோ பொய் சொன்ன நாக்கு பீடத்துக்கு முன்னால் புரள மறுத்தது. அழகுக்காகத்தான் வெட்டினேன், மூப்பரிடம் சொன்னது பொய், மன்னிக்க வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்தேன். முதலில் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு சபை சிரித்தது, கடைசியில் குருவானவரும் ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, இரண்டாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்றார்.

"முடி வளரட்டும். குடுமியா முடியுத அளவுக்கு வளந்த பொறவு கர்த்தருக்குன்னு வெட்டும். அன்னைக்குத்தான் எம்மவ."

சொத்தைக் கேட்டால் கொடுத்துவிடலாம். முடியை எங்கே போய் வாங்குவது? காலம் மாறிவிட்டது, இப்போது கிராப்பு வெட்டுவது விசுவாசமும் இல்லை, பாவமும் இல்லை என்று குருவானவர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். தாம் சிலுவையாகச் சுமந்ததை இந்தக் காலத்துப் பையன் கண்ணாடி பார்த்துச் சுமப்பதா என்பதுதான் கிழவரின் கேள்வி.

ஒன்றரை வருஷம். காதை மூடும் பருவம், கண்ணில் விழும் பருவம், எந்தப் பக்கமும் படியாத பருவம் என்று எல்லாவற்றையும் கரும்பலகைக்கு முன்னால் நின்றே கடந்தேன். இதற்குள் ஊர்ப் பையன்கள் ஒருவர்பின் ஒருவராகக் கிராப்புக்கு மாறினார்கள். மணியடிக்கிற கோயில்குட்டியார்கூட மாறிவிட்டார். நான் ஒருவன் மட்டும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். ஆத்தும இரட்சிப்புக்காகக்கூட நான் அவ்வளவு ஊக்கமாக ஜெபித்ததில்லை. காலையும் மாலையும் முடிக்காக முழங்காலில் நின்றேன். அவள் கிணற்றுக்குப் போகும்போது என் பிடரியைப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு விரற்கடை வேண்டும் என்று குடத்திடம் சொல்லுவதுபோல் சொல்லிப் போவாள். எனக்கு ஆத்திரம் வரும், சந்தோஷமாகவும் இருக்கும். வேறு இடத்தில் சம்பந்தம் பேச வந்தவர்களை அவள் திருப்பி அனுப்பினாள் என்பதும் என் காதுக்கு எட்டியிருந்தது.

ஒரு வழியாக முடி முடிச்சுக்கு அகப்பட்டது. ஒரு சனிக்கிழமை காலை மாமனார் வீட்டுக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவர் ஜெபம் பண்ணிவிட்டுக் கத்தரியை எடுத்தார். வாசல்நிலையில் அவள் நின்றாள். இந்தத் தடவை யாருக்காக என்று கேட்டார்.

பொய்யின் விலை தெரிந்தவன் நான். "உங்க மகளுக்காகத்தான் மாமா" என்றேன். "கர்த்தருக்குன்னு சொல்ல இன்னும் எனக்கு வாய் வரல."

போச்சு, இன்னொரு ஒன்றரை வருஷம் என்றுதான் நினைத்தேன். முடிச்சை அவிழ்த்தவர் முடியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். கத்தரி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு விரல்கள் சிக்கெடுக்க ஆரம்பித்தன. மகளைப் பார்த்து எண்ணெய் கொண்டுவரச் சொன்னார்.

"எங்கம்மதான் எனக்கு முடிஞ்சு விடுவா" என்றார். "நான் வெட்டிட்டு வந்த அன்னைக்கு, அதை எங்க போட்டேன்னு மட்டும் கேட்டா. வேற ஒண்ணுங் கேக்கல. நான் பதில் சொல்லாமப் பொறப்பட்டு வந்துட்டேன். பொறவு அவளப் பாக்கவே இல்ல வே."

ஆண்டுதோறும் அவர் சொன்ன சாட்சியில் துரத்தியவர்கள் இருந்தார்கள், நிலம் இருந்தது, இந்தக் கேள்வி மட்டும் இருந்ததில்லை. திரும்பிப் பார்க்கப் போனேன். தலையை ஆட்டாமல் இரும் என்று அதட்டினார்.

ஓலையைத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்த அவளுடைய தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்க, குடுமியோடுதான் கை பிடித்தேன். கோயிலுக்குப் புறப்படுமுன் மாமனாரே வந்து அதை முடிந்துவிட்டார். பழக்கம் விட்டுப்போன கை, கோணலாகத்தான் முடிந்தது. நான் அதைத் தொடவில்லை.