க்ளீன் பண்ணவர்

வீட்டை ஒருநாள்கூடப் பெருக்காத என் வீட்டுக்காரர், புதூர்நாட்டில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் பழைய பிரவுசரைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போட்டுவிட்டார். சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டு அத்தனையும் காலி. காலையில் கடையைத் திறந்தால் எந்தத் தளமும் என்னை உள்ளே விடவில்லை. சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். புளி மூட்டை இறக்கச் செங்கம் போயிருந்தவருக்கு போன் செய்தேன்.

"ஸ்லோவா இருந்துச்சி, க்ளீன் பண்ணேன். இப்போ இன்னா?"

என் மெயில் கணக்கில் நுழைந்தால் எல்லாம் திரும்பி வரும். ஆனால் அதற்கான ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். கணக்குத் தொடங்கிய அன்றே தன் நம்பரைக் கொடுத்து வைத்த மகராசன். என் கடைக்குள் நான் நுழைய அவரைக் கெஞ்ச வேண்டியிருந்தது.

"டீ குடிச்சிட்டு சொல்றேன், இன்னாத்துக்கு பறக்குற?"

ஒருவழியாகப் பாஸ்வேர்டுகள் வந்தன. முதல் விண்ணப்பத்தில் 'மையம் நடத்துபவர் பெயர்' என்ற கட்டத்தைத் தொட்டேன். அவர் பெயர் தானாக வந்து உட்கார்ந்தது.

பெயரை அழித்தேன். கணக்கில் இருந்த நம்பரையும் மாற்றினேன்.

சாயங்காலம் வந்தவர், திரையில் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "என் பேரு எங்க போச்சி?" என்றார்.

"க்ளீன் பண்ணேங்க."